ரவுண்டானாவில் நட்ட சொல்

செய்தது நீதான். இல்லையென்று சொல்லிப் பார், எங்கள் காளிக்கரட்டில் பால்குடி மறக்காத பிள்ளைகூட நீ வந்த காரின் நிறத்தைச் சொல்லும், பேசும்போது நீ மூக்கின்மேல் தள்ளித் தள்ளி விட்ட கண்ணாடியைச் சொல்லும். மஞ்சளை விளைத்து, மஞ்சளை வேகவைத்து, மஞ்சளை விற்று, மஞ்சளில் குளித்து, செத்தவள் முகத்துக்கும் மஞ்சளையே பூசி வழியனுப்பிக்கொண்டிருந்த ஓர் ஊருக்கு, மஞ்சள் என்கிற பேர் உலகத்துக்குப் புரியாது என்று சொல்லி, கடல் தாண்டிய சொல் ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டுவந்து ரவுண்டானாவில் நட்டுவிட்டு, மாலையும் சால்வையும் வாங்கிக்கொண்டு, இளநீரைக் குடித்து மட்டையை ரோட்டில் எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனவன் நீ. உன் பேரை வேலாத்தாள் சொல்லமாட்டாள். பேர் சொல்லித் திட்டு வாங்குவதற்கும் ஒரு தகுதி வேண்டும் என்பாள்.

வேலாத்தாள் யாரென்று உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எங்கள் ஊர்ப்பக்கம் வண்டியைத் திருப்பியிருக்கமாட்டாய். மஞ்சள் வேகிற கொப்பரைக்கு அடியில் காய்ந்த கரும்புச் சோகையைத் தள்ளித் தீ எரிக்கிற கூலியாக வந்து, பிறகு மெருகு போடுகிற பீப்பாயைச் சுற்றுகிறவளாகி, பள்ளிக்கூடத்து வாசலை மழைக்கு ஒதுங்கினபோது மட்டும் பார்த்து, கடைசியில் ஆம்பளைகள் மட்டுமே கைவிட்டுக்கொண்டிருந்த துண்டுக்குள் தன் கையையும் விட்டுத் தரகு பேச ஆரம்பித்தவள் அவள். காளிக்கரடு மண்டியில் விலையை வாயால் பேசுகிற வழக்கம் கிடையாது. விற்கிறவனும் வாங்குகிறவனும் கைகோர்ப்பார்கள், கைமேல் ஒரு துண்டு விழும், துண்டுக்குள் விரல்கள் அழுத்தியும் விட்டும் சுண்டியும் சண்டை போடும், வெளியே இரண்டு முகங்களும் மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். வேலாத்தாளின் விரலைப் பிடித்தவன் வேர்க்காமல் கையை வெளியே எடுத்ததில்லை. வாய் அதற்கு மேல். விரலி மஞ்சளின் நுனியைக் கிள்ளிப் பார்த்த வெளியூர் வியாபாரியிடம், "ஏனுங் சாமி, இதென்ன வெண்டைக்காய்ங்களா? நடுவுல ஒடிங்க. ஒடிக்கத் தைரியமில்லாட்டி ஊட்டுல அம்மிணிய வரச்சொல்லுங்க" என்று, மரியாதை ஓர் எழுத்துக் குறையாமல் மானத்தை வாங்கிவிடுவாள்.

நீ வியாபாரிகள் சங்கத்துக் கூட்டத்தில் சுவர்மேல் படம் காட்டினாயே, அன்றைக்குக் கடைசி வரிசையில் நின்று கேட்டவள் அவள்தான். நீ சொன்னாய், இனிமேல் இந்த ஊருக்கு ஓர் அடையாளம் வேண்டும், வெளிநாட்டுக்காரன் பார்த்ததும் நாக்கில் ஒட்டிக்கொள்ள வேண்டும், அதற்கு ஒரே சொல், மஞ்சளுக்கு இங்கிலீஷ்காரன் சொல்கிற எல்லோ, ஆள் உயரத்துக்கு ஆறு இரும்பு எழுத்து, ராத்திரியில் உள்ளுக்குள் விளக்கு எரியும் என்று. சங்கத் தலைவர் மண்டிக்காரர் சென்னியப்பன் தலையை ஆட்டினார். அவர் ஆட்டியதால் எல்லாரும் ஆட்டினார்கள். கடைசி வரிசையிலிருந்து வேலாத்தாள் கேட்டாள், "ஏனுங்க, சொல்லும் ஒரு மூட்டை மாதிரிதானுங்களே. அடிமூட்டை வரைக்கும் குத்தூசி போட்டுப் பாத்தீங்களா, இல்ல வாய்க்கட்ட அவுத்து மேலால இருக்கறத மட்டும் மோந்து பாத்துட்டு ஏத்திட்டு வந்தீங்களா?"

சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், உனக்குக் குத்தூசி என்றால் என்னவென்று தெரியாது, சாக்கைக் கிழிக்காமல் உள்ளே நுழைத்து அடியிலிருக்கிற சரக்கை உருவியெடுக்கிற இரும்புக்குழல் அது, அது இல்லாமல் காளிக்கரட்டில் ஒருவன் சொந்த மச்சானிடம்கூட மூட்டை வாங்கமாட்டான். அப்படிப்பட்ட ஊர், மூட்டையைக் குத்திப் பார்த்தே மூன்று தலைமுறையாக வயிறு வளர்த்த ஊர், ஒரு சொல்லை மட்டும் மேலால் பார்த்து வாங்கிப்போட்டது. வெள்ளைக்காரச் சரக்கென்றால் குத்திப் பார்ப்பது மரியாதையில்லை என்று நினைத்துவிட்டார்கள். தூ.

எழுத்துகளை நட்டார்கள். முதலெழுத்து கவட்டைக் குச்சி மாதிரி, கடைசியெழுத்து கவிழ்த்துப்போட்ட பல்வரிசை மாதிரி, அதற்கு முந்தினது ஓர் ஓட்டை எழுத்து, உளுந்துவடை போல. சங்கத் தலைவரின் பேரை மேலேயும் மற்றவர்கள் பேரைக் கீழேயும் வெட்டிய கல்லைத் திறந்துவைத்துத் தேங்காய் உடைத்தார்கள். மருமகள் வெறுங்கையோடா வருவாள்? அந்தச் சொல்லும் தன் சீர்வரிசையோடுதான் வந்தது, தன் ஊரில் தனக்கு என்னென்ன பொருளோ அத்தனையையும் மூட்டைகட்டிக்கொண்டு வந்தது, வந்த அன்றைக்கே மூட்டையின் வாயை அவிழ்த்தது.

மேலாக இருந்தது பயம்.

மறுநாள் காலையில் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையைப் பார்த்துப் பின்வாங்கினார்கள். மஞ்சள் தூள் தலையிலிருந்து கால்வரை படிந்த ஆட்கள், பாம்பைக் கையால் பிடித்து வேலிக்கு அந்தப்பக்கம் எறிகிறவர்கள், தராசின் நிழலுக்கு ஒதுங்கி நின்றார்கள். துண்டுக்குள் கைவிட்ட வியாபாரிகள் எதிராளியின் விரல் பட்டதும், "நீங்க சொல்றதே சரிங்க" என்று கையை உருவிக்கொள்ள, எதிராளியோ, "ஐயோ, நான் ஒண்ணுமே சொல்லலீங்க" என்று அதற்கு முன்பே உருவிக்கொண்டிருந்தான். மஞ்சள் மேற்கூரை போட்ட ஆட்டோக்காரர்கள் ரவுண்டானாவில் ஒருவருக்கொருவர் வழிவிட்டு, "நீங்க போங்கண்ணா", "இல்லீங்கண்ணா, நீங்க", "பரவால்லீங்க, அவரு போகட்டும்" என்று பொழுது சாயும்வரை நின்றார்கள். மஞ்சள் நிறப் பள்ளிக்கூட வேன் தெருநாய்க்குப் பயந்து சந்தில் பதுங்கியிருந்துவிட்டுக் கடைசி மணி அடிக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, அதனால் பிள்ளைகள் மட்டும் ஊரில் சந்தோஷமாக இருந்தார்கள். மூலையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையைக் கையில் வாங்கியவர்கள், மொய் எழுதப் பயந்தா, போகாமலிருக்கப் பயந்தா என்று தெரியாமல் மண்டப வாசல்வரை வந்து செருப்பைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

காரணம் தெரிந்தவர் ஊரில் ஒருவர்தான், பஸ் நிலையத்து மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் நடத்துகிற எட்வின் சார். டீக்கடையில் கூட்டம் கூடி அவரைக் கேட்டது.

"அவங்க ஊர்ல ஒருத்தன எல்லோன்னு சொன்னா, பயந்தாங்கொள்ளின்னு அர்த்தமுங்க" என்றார் அவர். "வவுறு மஞ்சளா இருக்குதுன்னு சொன்னாலும் அதேதான்."

"மஞ்சளுக்கும் பயத்துக்கும் என்னுங்க சம்பந்தம்? நம்மூர்ல மஞ்சச்சீல கட்டுனா எமனே ரெண்டடி தள்ளி நிப்பான்."

"அது நம்மூருங்க. அது வேற ஊரு. பழைய காலத்துல கப்பல்ல நோவு வந்துட்டா மஞ்சக்கொடி ஏத்துவாங்க. மலிவான வம்புப் பத்திரிகைக்கும் அதே பேருதான்."

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வேலாத்தாள் கேட்டாள். முன்பென்றால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்திருப்பாள், அன்றைக்குத் தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "நல்லதா ஒண்ணுகூட இல்லீங்களா சார் அதுகிட்ட?"

எட்வின் சார் விரல்விட்டு எண்ணினார். "இருக்குதுங்க. சூரியன், முட்டைக்கரு, குளிர் போனதும் மொதல்ல பூக்கிற ஒரு பூவு. அப்பறம், தூரம் போனவங்க திரும்பி வரோணும்னு மரத்துல மஞ்ச நாடா கட்டிவப்பாங்க. அதெல்லாம் அடியில கெடக்குமுங்க."

அடியில் கிடக்குமாம். அடிமூட்டையை யார் பார்த்தார்கள்?

இனி இந்த ஊர் அதைத் தின்று செரித்த அழகைக் கேள். உனக்கு இதுவும் தெரியாமல் போகக்கூடாது. முதல் வாரம் பதறினார்கள், இரண்டாம் வாரம் முனகினார்கள், அதற்குப் பிறகு அதில் லாபம் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். மஞ்சளைத் தொடுகிறவனுக்குத்தானே பயம்? சென்னியப்பன் மஞ்சளைத் தொட்டே எத்தனையோ காலமாயிற்று, அவர் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக மாடியறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து போனில் வியாபாரம் பார்க்கிறவர். கூலியை உயர்த்திக் கேட்க ஆட்கள் மாடிப்படி ஏறுவார்கள், பாதிப்படியில் தங்கள் கையைப் பார்ப்பார்கள், இறங்கிவிடுவார்கள். விவசாயி கொண்டுவந்த சரக்கை என்ன விலைக்குக் கேட்டாலும், "உங்களுக்குத் தெரியாதுங்களா" என்று கொடுத்துவிட்டு மஞ்சப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினான். ஊர் அமைதியாக இருக்கிறது, அடிதடி இல்லை, கேள்வி இல்லை, இப்படி ஓர் ஒழுக்கத்தை நாங்கள் பார்த்ததேயில்லை என்று சங்கம் எழுத்துகளைச் சுற்றிப் புல் வளர்த்துப் பூந்தொட்டி வைத்தது. எழுத்தைப் பிடுங்கலாமே என்று எட்வின் சார் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். "கல்லுல பேரு இருக்குதுங்களே" என்றார் சென்னியப்பன். விஷயம் முடிந்தது.

மாரியம்மனையும் விடவில்லை. மஞ்சள் காப்பிட்ட முகத்தோடு அம்மன் தன் வாகனத்துச் சிங்கத்தையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பதாகப் பூசாரி சொன்னார், சொன்னதும் சிங்கத்தின் முகத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிவைத்துப் பரிகாரம் செய்தார்கள். அம்மன் திருவிழாவான நோம்பியன்று கிடாய்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கிடாய்மேல் மஞ்சத்தண்ணி ஊற்றிவிட்டுக் காத்திருப்பது வழக்கம், அது உடம்பைச் சிலுப்பினால்தான் சம்மதம் என்று பொருள், சிலுப்பாத கிடாயை வெட்டக்கூடாது, சில வருஷம் கிடாய் நின்றுகொண்டே இருக்கும், காதில் ஊதுவார்கள், அம்மனுக்கு என்ன குறை என்று அழுவார்கள். இந்த வருஷம் சொம்பு சாயும் முன்பே கிடாய்கள் வரிசையாக நடுநடுங்கின. "சிலுப்பிருச்சு, சிலுப்பிருச்சு! ஆத்தாளுக்கு இந்த வருசம் ஏக சந்தோசம்" என்று குலவையிட்டு, மூச்சுவிட நேரமில்லாமல் வெட்டித் தள்ளினார்கள். கிடாய் எதற்கு நடுங்கியது என்று ஒருவர் கேட்கவில்லை. கறி வெந்துகொண்டிருந்தது.

பொம்பளைகளைப் பற்றிச் சொல்லவில்லையே என்கிறாயா? அதைத்தான் ஊரும் சொன்னது. மேலிடத்திலிருந்து விசாரிக்க ஒரு குழு வந்தபோது ஆண்களின் நடுக்கத்தை எல்லாம் விசாரித்துவிட்டு, பெண்களிடம் என்ன மாற்றம் என்று கேட்டார்கள். மஞ்சக்கயிறு கழுத்திலேயே கிடப்பவர்கள், மஞ்சளை முகத்திலேயே தேய்த்துக் குளிப்பவர்கள், முதல் பயம் அவர்களுக்குத்தான் வந்திருக்க வேண்டும். ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிஜமாகவே யோசித்தார்கள். "பொம்பளைங்ககிட்ட ஒரு வித்தியாசமும் தெரியலீங்களே" என்றார்கள். குழு போய்விட்டது. வேலாத்தாள் அந்த வார்த்தையை மூட்டைச் சந்திலிருந்து கேட்டாள். சிரிப்பு வந்தது, சிரிக்கப் பயமாக இருந்தது.

அவள் கையைச் சொல்லவேண்டும். அந்தக் கை முழங்கை வரைக்கும் மஞ்சள், கழுவினால் போகாது, சுரண்டினால் போகாது, இரத்தம் வந்தால்கூட முதல் சொட்டு மஞ்சளாகத்தான் வரும் என்று மண்டியில் கேலி பேசுவார்கள். மற்றவர்களுக்குக் குளித்தால் கொஞ்சம் பயம் இறங்கும். அவளுக்கு இறங்கவில்லை. துண்டுக்குள் அவள் விரல் சோளத்தட்டு மாதிரி ஆடியது, பழைய பகையாளிகள் எல்லாம் கையைப் பிடிக்க வரிசையில் நின்றார்கள்.

ஆனால் அவள் கையைவிட்டுப் போகவிருந்தது அதைவிடப் பெரிது. ஒரே மகள் மேகலை, இரத்தம் பரிசோதிக்கிற கூடத்தில் வேலைசெய்கிறவள். சென்னியப்பனின் மகன் விஷ்ணுகாந்துக்கு அவளைப் பேசி முடித்தது உன் சொல் வருவதற்கு முன்பே. யாருடைய மண்டிக்கு வெளியே வெயிலில் நின்றாளோ அவர் வீட்டுக்குச் சம்பந்தியாவதைத் தன் வாழ்நாளின் பெரிய பேரமாக வேலாத்தாள் நினைத்தாள். பெண் பார்த்துவிட்டுப் போன அன்றைக்கே மேகலை வெடுக்கென்று சொன்னாள், "வேண்டாம்மா. அவரு என்ற மொகத்தப் பாத்துப் பேசல. உன்ற கையப் பாத்துச் சிரிச்சாரு."

"சிரிச்சா என்ன கண்ணு, மஞ்சக்கைதான? வெல படிஞ்சாச்சு. இனி துண்ட வெலக்கப்படாது."

"சரக்கு நானில்லியாம்மா? என்னையக் கேக்க வேண்டாமா?"

கேட்டிருக்கலாம். நாளைக்குக் கேட்கலாம், அடுத்த வாரம் கேட்கலாம் என்று தள்ளினாள். அதற்குள் நீ லாரியோடு வந்தாய். அதற்குப் பிறகு மேகலை வேண்டாம் என்று சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை, வீட்டில் பாத்திரம் கீழே விழுந்தால் அதற்கு மன்னிப்புக் கேட்டாள்.

நலங்கு வைக்கிற நாள் வந்தது. காலையில் நலங்கு, சாயங்காலம் சபை கூட்டி வெற்றிலை மாற்றுவது, விடிந்தால் கல்யாணம். சென்னியப்பனின் மனைவி சம்பூரணம் தன் சனத்தோடு வந்து மேகலையை மணையில் உட்காரவைத்து, முகத்திலும் கையிலும் காலிலும், தன் விரலில் படாமல், மற்றவர்களை விட்டு மஞ்சளை அப்பச் செய்தாள். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி விளையாட்டாகக் கேட்டாள், "என்ன சாமி, எங்கூட்டுக்கு வரச் சம்மதந்தான?"

மேகலை வாயைத் திறந்தாள். உதடு ஒரு சொல்லைப் பிடிக்கப் போனதை வேலாத்தாள் பார்த்தாள், அது என்ன சொல் என்றும் அவளுக்குத் தெரிந்தது. சொல் வரவில்லை. கழுத்திலிருந்து கால்விரல் வரைக்கும் ஒரு நடுக்கம் ஓடி, மஞ்சள் திட்டுத்திட்டாகத் தரையில் தெறித்தது.

"சிலுப்பிருச்சு!" என்று சம்பூரணம் கைதட்டினாள். "சம்மதஞ் சொல்லிருச்சு மருமக! சந்தனத்தக் குடுங்க, பூவக் குடுங்க."

கூடம் முழுக்கச் சிரித்தது. பயத்தில் வேலாத்தாளின் வாயும் சிரித்தது. அந்தச் சிரிப்பைத் தன் காதாலேயே கேட்டபோதுதான், வெட்டுகிற இடத்தில் நின்று குலவையிட்டவர்களில் தானும் ஒருத்தி என்று அவளுக்கு உறைத்தது.

தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு அவள் வெளியே இறங்கினாள். உச்சி வெயில். ரவுண்டானாவில் வழக்கம்போல ஆட்டோக்கள் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நின்றன. கோபம் வந்து அவள் நடந்தாள் என்று நினைக்காதே, கோபத்தை எல்லாம் உன் சொல் எப்போதோ உறிஞ்சிவிட்டது, அவள் ஒவ்வொரு வண்டிக்கும் பயந்து, ஒவ்வொரு ஹாரனுக்கும் உட்கார்ந்து எழுந்து, புல்தரையில் கால்வைக்கக்கூடாது என்ற பலகைக்குக் கும்பிடு போட்டுவிட்டு, புல்தரையில் கால் வைத்தாள். ஓட்டை எழுத்துக்கு முன்னால் போய் நின்று, ஓட்டைமேல் துண்டைப் போட்டு மூடி, தன் மஞ்சள் கையை உள்ளே விட்டாள்.

"வாங்க சாமி" என்றாள், வாய் குழற. "வெல பேசலாம்."

துண்டுக்கு அந்தப்பக்கத்திலிருந்து ஒரு கை வந்து அவள் கையைப் பிடித்தது. குளிர்ந்த கை, காப்புக் காய்க்காத கை, ஒரு மூட்டையைக்கூடத் தொட்டிராத விரல்கள், பேசுகிறவர்கள் வாயில் பேச்சாகவும் எழுதுகிறவர்கள் காகிதத்தில் மையாகவும் மட்டுமே இருந்து பழகிய விரல்கள். ஆனால் பேரம் தெரிந்த விரல்கள்தான். எந்தச் சொல்லும் பேரம் பேசாமல் பிழைத்ததில்லை.

போய்விடு என்று அவள் அழுத்தினாள். முடியாது, நட்டுவிட்டார்கள் என்று அது சுண்டியது. அடிமூட்டையில் என்ன இருக்கிறது என்று அவள் நோண்டினாள். சூரியன் இருக்கிறது, பூ இருக்கிறது, தூரம் போனவருக்காகக் கட்டுகிற நாடா இருக்கிறது என்று ஒவ்வொரு விரலாக அது மடக்கிக் காட்டியது. பின்னே எதற்கு இந்தப் பயத்தை மட்டும் எங்கள் தலையில் கொட்டினாய் என்று அவள் நெரித்தாள். நானாகக் கொட்டவில்லை, கொண்டுவந்தவன் வாய்க்கட்டை அவிழ்த்தபடியே போட்டுவிட்டுப் போனான், என்னைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தால்தான் அடியில் இருப்பது வெளியே வரும், அதை நட்டவன் வந்து செய்யவேண்டும், நான் நிற்கவைத்த இடத்தில் நிற்கிற சாதி என்றது அது. வேலாத்தாளுக்கு அந்தக் கைமேல் ஒரு நிமிஷம் இரக்கம்கூட வந்தது. வியாபாரத்தில் இரக்கம் ஆகாது என்று உடனே விட்டுவிட்டாள்.

எல்லாரையும் விடு என்று ஐந்து விரலையும் பிடித்தாள். விடவில்லை. பொம்பளைகளை மட்டுமாவது விடு என்றாள். விடவில்லை. என் தெருவை விடு. இல்லை. என்னையும் என் மகளையும் விடு என்று இரண்டு விரலைப் பிடித்துத் தொங்கினாள். அவள் கை ஆடிய ஆட்டத்தில் எந்தப் பேரமும் நிற்கவில்லை, முன்பொரு காலத்தில் எத்தனையோ பேரை வேர்க்கவைத்த கை அன்றைக்குத் தானே வேர்த்து வழுக்கியது. ஒன்று என்றது அந்தக் கை. ஒரே ஒருவரை விடுகிறேன், ஆனால் விடுகிறவர் பங்குப் பயம் காற்றில் போகாது, கேட்கிறவர் சுமக்கவேண்டும்.

வேலாத்தாள் வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்ன விலைக்கு வாங்கினாள். ஒற்றை விரலை அழுத்திவிட்டுக் கையை உருவினாள். உருவும்போதே இரட்டைப் பயம் முதுகில் ஏறி உட்கார்ந்தது.

சாயங்காலம் சபை கூடியது. வெற்றிலைத் தட்டை மாற்றப்போகிற நேரத்தில், முகத்து மஞ்சளைக் கழுவாமல் உட்கார்ந்திருந்த மேகலை எழுந்து நின்றாள். குரல் உயரவில்லை. ஒரு விரலி மஞ்சளை நடுவில் ஒடித்தால் கேட்குமே, அந்தச் சத்தம்தான் இருந்தது.

"எனக்குச் சம்மதமில்லீங்க."

மேளக்காரர்கள் கையை நிறுத்தினார்கள். சம்பூரணம் பதறிப்போய், "காத்தால சிலுப்புனயே சாமி! நாங்க அத்தன பேரும் பாத்தமே!" என்றாள்.

"கெடாயும்தான் சிலுப்புதுங்க அத்த. அதுகிட்ட ஆரு கேட்டாங்க?"

சென்னியப்பன் வேலாத்தாளைத் தேடினார். அவள் தூணுக்குப் பின்னால், பல்லோடு பல் அடிக்க, சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "ஏம்மா, துண்டுக்குள்ள பேசி முடிச்சதுதான இது? வார்த்தைக்கு மதிப்பில்லியா?" என்று அவர் அதட்டினார். அந்த அதட்டலில் அவள் தரையில் உட்கார்ந்தே விட்டாள். உட்கார்ந்துகொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், அவர் செருப்பைப் பார்த்துச் சொன்னாள், "து-துண்டு என்னுதுங்க சாமி. சரக்கு என்னுதில்லீங்க."

கல்யாணம் நின்றது. பிறகு என்ன? ஊர் அதையும் செரித்தது. பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கொல்லைப்பக்கமாக வந்து, எப்படி அம்மிணி உனக்கு மட்டும் வாயில் வந்தது என்று மேகலையைக் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள், போய் அடுப்பை மூட்டி, மஞ்சளைத் தேய்த்து, நடுங்கினார்கள். விஷ்ணுகாந்துக்கு வேறு ஊரில் பெண் பார்க்கிறார்கள், அவளும் சிலுப்புவாள், அதில் சந்தேகமில்லை. வேலாத்தாளின் கையைத் துண்டுக்குள் விடக்கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள். எட்வின் சார் மட்டும் டீக்கடையில் அவளுக்கு ஒரு டீ சொல்வார். கோப்பை ஆடி டீ பாதி கீழே போகும், மீதியைக் குடிப்பாள்.

இப்போது கேள். நீ நட்ட எழுத்துகளில் முதலாவது, அந்தக் கவட்டைக் குச்சி, அதன் ஒரு கிளையில் ஒரு துண்டு கட்டிக் கிடக்கிறது. வேலாத்தாளின் துண்டு, அவள் கைபட்டுக் கைபட்டு மஞ்சளேறிய துண்டு. எங்கள் ஊரில் மஞ்சத்துணியை முடிந்து கட்டினால் வேண்டுதல். உன் சொல்லின் ஊரில் அது தூரம் போனவன் திரும்பி வருவதற்காம். எந்தக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும் நீ வந்தாக வேண்டும். இரண்டு பேர் பயத்தையும் சுமந்துகொண்டு அவள் தினமும் உச்சிவெயிலில் அந்தப் புல்தரையில் வந்து நிற்கிறாள். போகிறவர்கள் பார்த்துவிட்டு, "பாரு, சிலுப்பறா. எழுத்து இருக்கட்டும்னு அவளே ஒத்துக்கிட்டா" என்று சிரித்துக்கொண்டு போகிறார்கள்.

அவள் அதற்கு நிற்கவில்லை. உனக்காக நிற்கிறாள். "ஏனுங் சாமி, வாங்க. வந்து இந்த மூட்டையத் தூக்கித் தலகீழாக் கவுத்துங்க. கவுத்த முடியாட்டிப் புடுங்கி லாரில போட்டுக்கிட்டுப் போங்க. நட்ட கையாலயே புடுங்கோணும், வாங்க" என்று, வந்துபோகிற ஒவ்வொரு காரின் கண்ணாடியையும் பார்த்துக் கேட்கிறாள். நடுங்கிக்கொண்டேதான் கேட்கிறாள். அந்த நடுக்கத்தைப் பார்த்துவிட்டுச் சம்மதம் என்று நீயும் நினைத்துக்கொள்ளாதே. வா. வந்து பிடுங்கு.